மெலித்தாவுக்கு ஒரு பயணம்



கடந்த இதழில் பரீட்சைக் காலத்து நித்திரை பற்றிப் பேசினோம். இந்த முறை பலரும் கேட்டுக்கொண்டபடி, பெப்ரவரி விடுமுறையில் நாங்கள் போய்வந்த மால்டாப் பயணத்தைப் பற்றி எழுதுகிறோம். வாலிபர் ஐக்கியத்தில் ஐந்து பேர், வைத்தியசாலையில் வேலை செய்யும் அக்காமார் இரண்டு பேர் என்று மொத்தம் ஏழு பேர் போனோம். எழுதுவது ஒரு கைதான். ஆனாலும் ஏழு பேருடைய குறிப்புகளும் இதில் கலந்திருப்பதால் "நாங்கள்" என்றே எழுதுகிறோம். அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் 28ஆம் அதிகாரங்களைப் படித்துப் பாருங்கள். வைத்தியனாகிய லூக்காவும் அங்கே "நாங்கள்" என்றுதான் எழுதுகிறார். அந்தக் கப்பலில் அவரும் இருந்தார்.

எங்கே இருக்கிறது?

மத்தியதரைக் கடலின் நடுவில், இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தூரத்தில் மால்டா இருக்கிறது. மால்டா, கோசோ, கொமினோ என்று மூன்று தீவுகள். எல்லாம் சேர்த்து 316 சதுர கிலோமீற்றர்தான். யாழ்ப்பாண மாவட்டம் இதைப்போல மூன்று மடங்கு பெரியது. அந்தச் சின்ன இடத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் வாழ்கிறது. லண்டனிலிருந்து விமானத்தில் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம்.

1964 வரை பிரித்தானியாவின் ஆட்சியில் இருந்த நாடு என்பதால் சில விஷயங்கள் எங்களுக்கு இலகுவாக இருந்தன. வாகனங்கள் இடப்பக்கம் ஓடுகின்றன. எங்கள் வீட்டு மூன்று முள் பிளக் அப்படியே பொருந்துகிறது. ஆங்கிலம் அரச மொழிகளில் ஒன்று. மற்றது மால்டீஸ். இந்த மொழி அரபியிலிருந்து பிறந்தது, ஆனால் ரோம எழுத்தில் எழுதப்படுகிறது. இந்தக் கத்தோலிக்க நாட்டில் கடவுளை "அல்லா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். தவசு காலத்துக்கு, அதாவது லெந்து நாட்களுக்கு, "ரண்டான்" என்று பெயர். ரமழான் என்ற சொல்லோடு உறவுடையது. எங்களில் இளையவரான தம்பி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப சொல்லை வைச்சு ஆரையும் மட்டுக்கட்டேலாது" என்றான். அன்றைய தியானத்துக்கு அது போதுமாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் 180 நாட்களில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். மற்றக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் நேரத்தோடு விசா விபரம் பாருங்கள். ஜீ.எச்.ஐ.சி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அவசர சிகிச்சைக்கு அது உதவும், ஆனால் அது பயணக் காப்புறுதிக்குப் பதில் ஆகாது. வழக்கமாக எடுக்கும் மருந்துகளைக் கைப்பையில், அவற்றின் சொந்தப் பெட்டியோடு வையுங்கள். தீவு முழுவதும் பஸ் ஓடுகிறது, ஆனால் நிறுத்தத்தில் கையைக் காட்டாவிட்டால் நிற்காமல் போய்விடும். ஆறு குளம் இல்லாத நாடு என்பதால் குடிநீரில் பாதிக்கும் மேல் கடல்நீரைச் சுத்திகரித்து எடுக்கிறார்கள். குடிக்கலாம், ருசிதான் கொஞ்சம் வேறு. ஹால் சஃப்லியெனி என்ற நிலக்கீழ்க் கல்லறையைப் பார்க்க விரும்பினால் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் தங்கைமார் கோபிப்பார்கள். "பஸ்டிட்ஸி" என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பற்றிஸின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரிக்கோட்டாப் பாலாடைக்கட்டி அல்லது மசித்த பட்டாணி. மலிவு, சூடு, வயிறு நிறையும். ஐந்து நாளும் எங்கள் காலைச் சாப்பாடு அதுதான்.

பவுலின் கடற்கரை

ரோமாபுரிக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்ட பவுல், யூரோக்கிலித்தோன் என்னும் கடுங்காற்றில் அகப்பட்டுப் பதினான்கு இரவுகள் அலைந்த கதை உங்களுக்குத் தெரியும். கப்பலில் 276 பேர் இருந்தார்கள். கரை தெரிந்ததும் போர்ச்சேவகர் கைதிகளைக் கொன்றுபோட நினைத்தார்கள். நூற்றுக்கு அதிபதியாகிய யூலியு அதைத் தடுத்தார். நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள். தெரியாதவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 276 பேரும் தப்பினார்கள்.

தீவின் வடக்கில் பரிசுத்த பவுல் குடா என்று ஓர் இடம் இருக்கிறது. கப்பல் மோதியது அங்கேதான் என்பது பாரம்பரியம். வேறு குடாக்களைச் சொல்லும் ஆராய்ச்சியாளரும் உண்டு. மெலித்தா என்பது குரோவேசியாவின் மிலியெத் தீவு என்று வாதாடுகிறவர்களும் சிலர் உண்டு. பெரும்பாலானோர் மால்டாவையே ஏற்றுக்கொள்கிறார்கள். குடாவின் வாயில் ஆளில்லாத சிறு பாறைத்தீவு ஒன்றும், அதன்மேல் பவுலின் வெள்ளைச் சிலையும் கரையிலிருந்தே தெரிகின்றன. நாங்கள் போன அன்று காற்று பலமாக இருந்தது. கோடை விளம்பரங்களில் வரும் நீலக் கடலை அன்று காணவில்லை. சாம்பல் நிறத்தில் பாறைகளில் அறைந்துகொண்டிருந்தது. கல்லின்மேல் நின்று 27ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தோம். பாதியில் குரலைக் காற்று தூக்கிக்கொண்டு போயிற்று.

28ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு சொல்லைக் கவனித்தோம். தீவார் காட்டிய அன்பைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் தமிழ் வேதாகமம் அவர்களை "அந்நியர்" என்று குறிப்பிடுகிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் கிரேக்க மொழி பேசாதவர்களைக் குறிப்பது. சொந்த ஊரில், சொந்தக் கரையில் நின்றவர்களுக்குத்தான் அந்தப் பெயர். அந்த "அந்நியர்" மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டி, நனைந்து வந்த அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். யார் கைதி, யார் காவலன், யாரிடம் பணம் இருக்கிறது என்று விசாரித்ததாக லூக்கா எழுதவில்லை. விசாரணை எல்லாம் பாம்பு கடித்த பிறகுதான் வருகிறது. கொலைகாரனாக இருப்பான் என்றார்கள், பிறகு தேவன் என்றார்கள். இரண்டும் தவறு. ஆனால் அதற்கு முன்பே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

இன்று மால்டாவில் மனிதரைக் கொல்லக்கூடிய விஷப்பாம்பு இல்லை. பவுல் வந்ததிலிருந்து விஷம் போய்விட்டது என்று ஊர்மக்கள் சொல்வார்கள்.

திருநாள்

பெப்ரவரி 10, பவுல் கப்பற்சேதத் திருநாள், நாடு முழுவதற்கும் விடுமுறை. நாங்கள் போய் இறங்கிய சனிக்கிழமை அதே நாளாக அமைந்தது. தலைநகர் வலெட்டாவின் ஒடுங்கிய தெருவில் பவுலின் பெரிய மரச் சிலையைத் தோளில் சுமந்து வந்தார்கள். மேல்மாடங்களிலிருந்து காகிதத் துண்டுகளை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். பாண்ட் வாத்தியம், வாணவேடிக்கை. எங்கள் சபையின் வழிபாட்டு முறை வேறு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் சுமந்தவர்களின் முகங்களைப் பார்த்தபோது விமர்சிக்க மனம் வரவில்லை. கப்பல் உடைந்து கரைசேர்ந்த ஒரு கைதியை ஒரு நாடு தன் தகப்பனாக நினைத்து, வருஷம் தவறாமல் நன்றி சொல்லுகிறது.

350க்கும் மேற்பட்ட தேவாலயங்கள் உள்ள நாடு. பல ஆலயங்களின் முகப்பில் இரண்டு மணிக்கூடுகள் இருக்கின்றன. ஒன்று சரியான நேரம் காட்டும். மற்றது வெறும் ஓவியம். ஆராதனை நேரம் தெரியாமல் பிசாசு குழம்பவேண்டும் என்பதற்காக என்று சிரித்துக்கொண்டே விளக்கம் சொல்லுகிறார்கள். எங்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பிந்தி வருகிறவர்கள் எந்த மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள் என்று இப்போது விளங்குகிறது.

மொஸ்டா என்ற ஊரின் வட்டக் கோபுர ஆலயத்துக்கும் போனோம். 1942 ஏப்ரல் 9 அன்று ஆராதனைக்காக மக்கள் கூடியிருந்தபோது ஒரு ஜெர்மன் குண்டு கூரையைத் துளைத்து உள்ளே விழுந்தது. வெடிக்கவில்லை. அந்த மாதிரிக் குண்டு ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்களில் குண்டு விழுந்த ஆலயங்களை நினைத்தோம். சில இடங்களில் வெடிக்கவில்லை, சில இடங்களில் வெடித்தது. வெடித்த இடத்தில் ஆண்டவர் இல்லை என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. இதைப் பற்றி அன்றிரவு நீண்டநேரம் கதைத்தோம், முடிவுக்கு வரவில்லை.

வெள்ளித் தட்டில் கஞ்சி

தாதிமாரான எங்களுக்கு வலெட்டாவில் பார்க்க ஆசையாக இருந்த இடம் சாக்ரா இன்ஃபெர்மேரியா. 1565இல் ஒட்டோமன் படையின் பெரிய முற்றுகையைச் சமாளித்த பிறகு, பரிசுத்த யோவானின் வீரர்கள் என்ற துறவற அமைப்பு வலெட்டாவைக் கட்டியது. தலைவர் தெ வலெட் என்பவரின் பெயரே நகரத்துக்கு. இந்த வீரர்கள் எருசலேமில் யாத்திரிகரைப் பராமரிக்கும் ஆஸ்பத்திரி நடத்தியதில் தொடங்கியவர்கள். ஆகவே புதிய நகரத்தில் 1574இல் ஆஸ்பத்திரி கட்டத் தொடங்கினார்கள். அதன் பெரிய வார்டு 155 மீற்றர் நீளம். இன்று மாநாட்டு மண்டபமாக இருக்கும் அந்தக் கட்டடத்தின் ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் நிற்பவர் சிறுபிள்ளை போலத் தெரிவார். எங்கள் இரவுப் பணியில் இருபத்தெட்டுக் கட்டிலுக்கே கால் கடுக்கும். இந்த வார்டில் நடந்தவர்களின் காலை நினைத்துப் பாருங்கள்.

அங்கே நோயாளிகளுக்கு வெள்ளித் தட்டில் உணவு கொடுத்தார்கள். சுத்தமாக வைத்திருக்க வெள்ளி நல்லது என்பது ஒரு காரணம். நோயாளியை எஜமானாக எண்ணவேண்டும் என்பது அந்த அமைப்பின் பழைய விதி. பிரபு குடும்பத்துப் பிள்ளைகளான வீரர்கள் முறைவைத்து வந்து தங்கள் கையால் பரிமாறினார்கள். 1798இல் நெப்போலியன் வந்து வெள்ளியை எல்லாம் எடுத்துப் போனான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இதே வீரர்கள் கடலில் முஸ்லிம்களைப் பிடித்து அடிமைகளாக்கினார்கள். அவர்களின் போர்ப்படகுகளைத் துடுப்புப் போட்டவர்களில் அடிமைகள் ஏராளம். ஒரு கையில் வெள்ளித் தட்டு, மறுகையில் சங்கிலி. ஆஸ்பத்திரியைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுச் சங்கிலியை மறந்தால் வரலாற்றில் பாதியைத்தான் படித்தவர்கள் ஆவோம்.

அவர்களின் எட்டு முனைச் சிலுவையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் சீருடையில் இருப்பது அதுதான். இலங்கைப் பாடசாலைகளில் முதலுதவி படித்த அம்மா அப்பாவைக் கேளுங்கள், அவர்களுக்கும் தெரியும். முதலாம் உலகப் போரில் கலிப்போலியிலிருந்தும் சலோனிக்காவிலிருந்தும் காயப்பட்ட படைவீரர் ஆயிரக்கணக்கில் மால்டாவுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். அதனால் இந்தத் தீவுக்கு "மத்தியதரைக் கடலின் தாதி" என்று பெயர் வந்தது.

இன்னொரு வைத்தியக் கதை. 28ஆம் அதிகாரத்தில் தீவின் தலைவன் புபிலியுவின் தகப்பன் காய்ச்சலாகவும் வயிற்றுப்போக்கோடும் கிடந்தான், பவுல் ஜெபித்துக் கைவைத்துக் குணமாக்கினார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் இந்தத் தீவில் "மால்டாக் காய்ச்சல்" என்றே ஒரு நோய் பிரபலமாயிற்று. வாரக்கணக்கில் ஏறி இறங்கும் காய்ச்சல், மூட்டு வலி, சோர்வு. 1887இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமி எப்படி உடலுக்குள் வருகிறது என்பது தெரியவில்லை. 1905இல் தெமிஸ்டோக்லெஸ் சாமிட் என்ற மால்டா வைத்தியர் விடை கண்டார். ஆட்டுப்பால்! பார்வைக்கு நல்ல சுகமாக இருந்த ஆடுகளின் பச்சைப் பாலில் கிருமி இருந்தது. அந்தக் கிருமிக்கு இன்றும் "புரூசெல்லா மெலிடென்சிஸ்" என்று பெயர். மெலித்தா அதற்குள் இருக்கிறது. புபிலியுவின் தகப்பனுக்கும் இதுதானா என்று ஊகிப்பவர்கள் உண்டு. ஊகம் மட்டுமே. உங்களுக்கான செய்தி இதுதான்: எந்த நாட்டுக்குப் போனாலும் காய்ச்சாத பாலையும் அதில் செய்த பாலாடைக்கட்டியையும் தவிருங்கள். கர்ப்பிணித் தாய்மார் கட்டாயம் தவிருங்கள்.

நிலத்துக்குக் கீழே ஒரு மேசை

ரபாட் என்ற ஊரில் பவுல் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும், அதற்கு அருகில் நிலக்கீழ்க் கல்லறைகளும் இருக்கின்றன. பாறையைக் குடைந்து செய்த கல்லறைகளுக்கு நடுவே, அதே பாறையில் வெட்டிய வட்ட மேசைகள். சுற்றிச் சாய்ந்திருந்து உண்ணுவதற்கு ஏற்ற சரிவு. இறந்தவர்களை நினைத்து உறவினர் கூடி விருந்துண்ட மேசைகள் அவை. எங்கள் ஊரில் அந்தியேட்டிக்கும் எட்டுச் செலவுக்கும் கூடிச் சாப்பிடுவதைப் போல என்று ஒரு தங்கை சொன்னாள். அங்கே கிறிஸ்தவர், யூதர், மற்ற மதத்தார் எல்லாருடைய கல்லறைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஏழு கிளை விளக்குத்தண்டு கீறிய வாசலும் சிலுவை கீறிய வாசலும் ஒரே தெருவில் இருப்பதுபோல.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடை வாசலில் ஒதுங்கினோம். முதுகில் சாப்பாட்டுப் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு தம்பியும் ஒதுங்கினார். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அக்கா, தமிழா?" என்றார். நாகர்கோவில் பக்கம். எட்டு மாதமாக இங்கே உணவு விநியோக வேலை. இங்கே இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ் நாட்டவர் நிறையப் பேர் பஸ் ஓட்டுகிறார்கள், முதியோரைப் பராமரிக்கிறார்கள், வைத்தியசாலைகளில் வேலை செய்கிறார்கள். "ஏஜென்ட்டுக்குக் கட்டின கடன் இன்னும் முடியல அக்கா. முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பணும்" என்றார். ஞாயிறு ஆராதனைக்குப் போகிறீர்களா என்று கேட்டோம். ஞாயிறுதான் நிறைய ஓர்டர் வரும் என்று சிரித்தார். மழை விடும்வரை எங்களோடு நின்றார். நாங்கள் கேட்காமலே கடைக்குள் போய் ஏழு பேருக்கும் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தார். காசு கொடுக்கப் போனால் வாங்கவில்லை. "நீங்க இங்க விருந்தாளிங்க" என்றார்.

அந்தத் தீவில் அவருக்குச் சொந்தமாக ஓர் அறைகூட இல்லை, நாலு பேரோடு பகிர்ந்திருக்கிறார். மழையும் குளிருமான நாளில் எங்களுக்குச் சூடாகக் குடிக்கத் தந்தது அவர்தான்.

அந்தக் கடல்

நாங்கள் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் வேளையில், சபையின் மூத்த அங்கிள் ஒருவர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தக் கடலில எங்கட பிள்ளையளும் கிடக்கினம். பாத்தால் ஒருக்கா ஜெபம் பண்ணிப்போட்டு வாங்கோ."

எங்களில் பலருக்கு அது தெரியாது. 1996ஆம் ஆண்டு நத்தார் இரவு, விடிந்தால் டிசம்பர் 26. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் பெரிய கப்பல் ஒன்றில் மாதக்கணக்கில் அலைக்கழிக்கப்பட்டு, மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில், மால்டாவிலிருந்து வந்த எஃப்174 என்ற சின்னஞ்சிறு படகுக்கு மாற்றப்பட்டார்கள். புயல் அடித்தது. படகு மூழ்கியது. குறைந்தது 283 பேர் இறந்தார்கள். அவர்களில் ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர். கப்பலில் மிஞ்சியவர்கள் கிரேக்க நாட்டில் இறக்கிவிடப்பட்டார்கள். நடந்ததைச் சொன்னார்கள், பலர் நம்பவில்லை.

சிசிலியின் தென்முனையில் போர்ட்டோபாலோ என்ற மீனவ ஊர். வலையில் மீனோடு மனித உடல்களும் வந்தன. கரையில் சொன்னால் விசாரணை வரும், தொழில் நின்றுபோகும் என்று பயந்து உடல்களைத் திரும்பக் கடலில் போட்டார்கள். ஐந்து வருஷம் ஊர் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு மீனவரின் வலையில் ஓர் உடுப்பு வந்தது. அதற்குள் பிளாஸ்டிக் உறையிட்ட இலங்கை அடையாள அட்டை. பதினேழு வயதுத் தமிழ்ப் பையனின் படம். அந்த மீனவர் அதை மறைக்கவில்லை. ஓர் இத்தாலியப் பத்திரிகையாளரிடம் பேசினார். 2001இல் நீரடிக் கமெராவை இறக்கி, நூறு மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடந்த படகைப் படம் பிடித்தார்கள். பேசியதற்காக அந்த மீனவரை ஊரார் வெறுத்தார்கள். படகு இன்றும் அங்கேதான் கிடக்கிறது.

பவுலின் கப்பலில் 276 பேர். இந்தப் படகில் இறந்தவர்கள் 283 பேராவது. ஏறக்குறைய ஒரே கடல், ஒரே மாரிகாலம்.

அங்கிள் கடைசியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறோம். அவரோடு ஒரே வகுப்பில் படித்த நண்பன் அந்த வருஷம் வெளிக்கிட்டவன். தாய் பல வருஷம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பயணத்தின் கடைசி நாள் பாவ்லா ஊரில் மேட்டில் இருக்கும் அடொலராட்டா சேமக்காலைக்குப் போனோம். 2015 ஏப்ரலில் லிபியாவிலிருந்து வந்த படகு ஒன்று கவிழ்ந்து 800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது கிடைத்த 24 உடல்களை மால்டாவுக்குக் கொண்டுவந்தார்கள். கத்தோலிக்க ஆயரும் முஸ்லிம் இமாமும் சேர்ந்து இறுதிச் சடங்கு நடத்தினார்கள். பெயர் தெரியாத அந்த 24 பேரும் இங்கே அடக்கம் பண்ணப்பட்டார்கள். பூ வைத்தோம். 1996இல் போன எங்கள் பிள்ளைகளுக்குக் கல்லறை இல்லை, ஆகவே இந்தக் கல்லறைக்கு முன் நின்று அவர்களுக்காகவும் அவர்களின் தாய்மாருக்காகவும் ஜெபித்தோம். தமிழிலே ஜெபித்தோம்.

இன்றும் நடுக்கடலில் ஒரு படகு தத்தளித்தால் அதை யார் மீட்பது, யாருடைய கரையில் இறக்குவது என்று மால்டாவும் இத்தாலியும் வாக்குவாதப்படுகின்றன. அதைக் குறைசொல்லுமுன் எங்கள் வீட்டு வரவேற்பறைக்கு வருவோம். ஆங்கிலக் கால்வாயில் றப்பர் படகில் வருகிறவர்களைச் செய்தியில் காட்டும்போது நாங்கள் என்ன கதைக்கிறோம்? "இவங்கள் எல்லாரும் ஏன் இஞ்ச வாறாங்கள்? நாங்கள் முறையாய் வந்தனாங்கள்" என்ற பேச்சு எங்கள் சபை மண்டபத்திலும் கேட்கிறது. எங்கள் சபையில் எத்தனை பேர் ஏஜென்சிக்குக் காசு கட்டி, காட்டிலும் கொள்கலனிலும் ஒளித்து வந்தவர்கள் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்வதில்லை. வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. சொல்லாமல் விட்டால்தான், கரையேறியவர்களின் பிள்ளைகள் கரையில் நின்று கதவைச் சாத்தும் நிலை வரும்.

எல்லை எப்படிக் காக்கவேண்டும், யாருக்கு வதிவிடம் கொடுக்கவேண்டும் என்பது அரசாங்கங்களின் கடினமான வேலை. அதில் உங்களுக்குள் வெவ்வேறு கருத்து இருக்கலாம். மெலித்தாவார் செய்தது அதற்கு முந்திய காரியம். நனைந்து நடுங்குகிறவனுக்கு நெருப்பு மூட்டினார்கள். எங்கள் வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் குளிரில் விறைத்து வருகிறவரின் உடுப்பை மாற்றிச் சூடேற்றுவதுதான் முதல் வேலை. பெயர், விலாசம், கடவுச்சீட்டு எல்லாம் பிறகு. அந்த ஒழுங்கைச் சபையிலும் கடைப்பிடிக்க ஏலாதா?

ஆகவே ஒரு வேண்டுகோள். எங்கள் நகரத்தில் புகலிடம் கோரியோர் தங்கவைக்கப்பட்டுள்ள விடுதிக்கு, பக்கத்துச் சபையினர் வாரம் ஒருநாள் மாரி உடுப்பும் சாப்பாடும் கொண்டுபோகிறார்கள். வருகிற மாதத்திலிருந்து நாங்கள் ஏழு பேரும் அதில் சேர்கிறோம். ஆங்கிலம் தெரியாதவர்களோடு வைத்தியரிடம் போவதற்கும் ஆட்கள் தேவை. தமிழ் மட்டும் தெரிந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். சேர விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எங்களிடம் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக் கலந்துரையாடலுக்கு:

1. அப்போஸ்தலர் 28:1-10ஐ வாசியுங்கள். தீவார் கொடுத்தது என்ன? பவுல் கொடுத்தது என்ன? யார் விருந்தாளி, யார் உபசரித்தவர் என்பது எங்கே மாறுகிறது?

2. உங்கள் அப்பா அம்மா, அல்லது தாத்தா பாட்டி இந்த நாட்டுக்கு வந்த கதையைக் கேட்டிருக்கிறீர்களா? இந்த வாரம் கேளுங்கள். சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

3. அடையாள அட்டையைக் கண்ட மீனவருடைய இடத்தில் நீங்கள் இருந்தால், ஊர் முழுவதும் பேசாமல் இருக்கும்போது உங்களுக்குப் பேசத் துணிவு எங்கிருந்து வரும்?

ஜெபம்: கடலையும் கரையையும் உண்டாக்கின ஆண்டவரே, எங்களைக் கரைசேர்த்தீர், உமக்கு நன்றி. கரைசேராமற்போனவர்களை உம்முடைய கரத்தில் ஒப்படைக்கிறோம். காத்திருந்த தாய்மாரைத் தேற்றும். இன்றிரவு கடலில் இருப்பவர்களைக் காத்தருளும். நெருப்பு மூட்டும் கைகளை எங்களுக்குத் தாரும். ஆமென்.

அடுத்த இதழில், வீட்டில் வயதானவர்களுக்கு நீரிழிவு இருந்தால் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டியவை பற்றி எழுதுவோம். சுகமாக இருங்கள்.